வேலியோரக் கோவைப்பழம்

நான் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மேய்த்தவளுக்கு இந்தப் பயம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். எந்தப் பிள்ளை எந்த நேரத்தில் பென்சிலை மூக்கில் விட்டுக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

அப்படிப்பட்டவளிடம்தான் எதிர் ஃப்ளாட்டில் இருப்பவள் தன் கிளியை ஒப்படைத்தாள். அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாம்பரத்தில் ஓர் ஆபீசில் வேலை. இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, மாற்றியாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை ஆபரேஷன், ஆனால் சர்க்கரை அளவு கட்டுக்குள் வர வேண்டும் என்பதற்காக முந்தைய ஞாயிற்றுக்கிழமையே வந்து சேரச் சொன்னார்கள். கோயம்புத்தூரிலிருந்து தம்பி வந்திருந்தான். அவளை அவன் பார்த்துக்கொள்வான், கிளியை யார் பார்ப்பது?

நான் சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூண்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"டீச்சர், உங்கள விட்டா எனக்கு யாரும் இல்ல."

இப்படி ஒருத்தி சொன்ன பிறகு முடியாது என்று எப்படிச் சொல்வது?

அது நம் ஊர்ப் பச்சைக்கிளி இல்லை. நம் ஊர்க் கிளியை வளர்க்கச் சட்டம் விடாது என்பதால் கடைகளில் வெளிநாட்டுக் கிளிகளைத்தான் விற்கிறார்கள். இது சன் கோனூர் என்ற ஜாதி. உடம்பெல்லாம் மாம்பழ மஞ்சள், முகத்தில் ஆரஞ்சு, இறக்கை நுனியில் மட்டும் கொஞ்சம் பச்சை. எங்கேயோ தென் அமெரிக்காவாம். அதைக் 'கண்ணு' என்று கூப்பிடுவாள். ஆபீசிலிருந்து வந்ததும் அவள் "கண்ணு" என்று கூப்பிடுவதும் அது கத்துவதும் எங்கள் வீட்டு ஹால்வரை கேட்கும். நாலு வயதுதான் ஆகிறது என்றாள்.

கூண்டோடு ஒரு தாளும் கொடுத்தாள். முத்து முத்தான கையெழுத்து. காலையில் கேரட், பீன்ஸ், பீட்ரூட், பரங்கிக்காய், குடைமிளகாய், முருங்கைக்கீரை எல்லாவற்றையும் பட்டாணி அளவுக்கு நறுக்கிக் கலந்து இரண்டு ஸ்பூன். முளைகட்டிய பாசிப்பயறு ஒரு ஸ்பூன். பழம் கொஞ்சம்தான்: கொய்யா, பப்பாளி, மாதுளை. ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, உப்பு, காபி, சாக்லேட், பட்டர் ஃப்ரூட் கூடவே கூடாது. எதுவாக இருந்தாலும் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். தினமும் காலையில் கிச்சன் தராசில் நிறுத்து எடையைக் குறிக்க வேண்டும், நூற்றுப் பத்து கிராமுக்குக் குறையக் கூடாது. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்: இதில் இல்லாத எதையும் தர வேண்டாம்.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. இதற்கு முன்னால் அவளிடம் இருந்த கிளிக்குக் கடைக்காரன் சொன்னபடி சூரியகாந்தி விதையை மட்டுமே போட்டு வந்தாள். ஆசையாகத் தின்ற அந்தக் கிளி, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஒருநாள் கூண்டுக்குள் விழுந்து கிடந்தது. "நானே போட்டுப் போட்டுக் கொன்னுட்டேன் டீச்சர்" என்று என்னிடம் அழுதிருக்கிறாள். அதிலிருந்து காய்கறிதான், பழம்தான்.

தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

முதல் நாள் கண்ணு எதையும் தொடவில்லை. திங்கட்கிழமை கிண்ணத்தில் அலகை விட்டுக் கேரட்டை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வீசியது. பீட்ரூட்டை என் சேலைமேல் உதறியது. மற்ற நேரமெல்லாம் எதிர் ஃப்ளாட் கதவைப் பார்த்துக் கத்தல். எடை பார்க்கலாம் என்று கையை விட்டேன், கட்டைவிரலில் ரத்தம் வரக் கடித்தது. தராசைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ காலில் வந்தாள். ஆஸ்பத்திரி நைட்டியில் பாதியாகத் தெரிந்தாள்.

"சாப்பிடுதா டீச்சர்?"

"அதெல்லாம் சாப்பிடுதும்மா. நீ உன் உடம்பப் பாரு."

பொய்தான். ஆபரேஷனுக்கு இருப்பவளிடம் வேறு என்ன சொல்வது? ஆனால் போனை வைத்ததும் கூண்டருகே போய் நின்றேன். பட்டினி கிடந்து செத்துவிட்டால்? முதல் கிளி தின்று செத்தது, இரண்டாவது என் வீட்டில் தின்னாமல் செத்தது என்று ஆகிவிட்டால்?

செவ்வாய்க்கிழமை காலை, பீர்க்கன்கரணை ஏரியோரம் நடக்கப் போனேன். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை. அதன் கம்பிவேலி முழுக்கக் கோவைக்கொடி. கொடியில் செக்கச் செவேல் என்று பழங்கள். என் புத்திக்கு அப்போது தோன்றியதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கிளி என்றால் கோவைப்பழம்! இது தெரியாமல் கேரட்டை நறுக்கிக்கொண்டிருந்தேனே!

முப்பத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் கிளியை வரைந்து, அதன் அலகில் ஒரு கோவைப்பழத்தையும் வரைந்து, பச்சையும் சிவப்புமாகச் சாக்பீஸால் தீட்டியவள் நான். தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கிளி கோவைப்பழம் தின்னும் என்றுதான் சொல்லும். இந்தக் கிளியின் பாட்டன் பூட்டன்கூடக் கோவைப்பழத்தைப் பார்த்திருக்காது என்பது எனக்கு உறைக்கவில்லை. கடையில் காயாக விற்பார்கள், இப்படிப் பழுத்தது வேலியில்தான் கிடைக்கும். மூன்று பழம் பறித்தேன்.

தாளில் இல்லையே என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அவள் எழுத மறந்திருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கொஞ்சம் கர்வமும் இருந்தது, மறைக்கவில்லை. புத்தகத்தையும் போனையும் பார்த்து வளர்ப்பவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது என்ற கர்வம். அரை மணி நேரம் ஊறவைக்கவும் இல்லை. வேலியில் தானாகக் காய்ப்பதற்கு யார் மருந்தடிக்கப் போகிறார்கள்? குழாயில் காட்டி எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணு ஒரு காலால் பழத்தைப் பிடித்துக்கொண்டு கிழித்தது. சாறு அலகில் வழிய மூன்றையும் தின்று தீர்த்துவிட்டு என்னைப் பார்த்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புதன்கிழமை காலை போய் இன்னும் ஐந்து பறித்தேன். ஏதோ ஒரு நெடி அடித்தது, ஏரி நாற்றம் என்று நினைத்தேன். ஐந்தையும் தின்றது.

அன்று சாயங்காலம், "பிரமாதமா சாப்பிடுது" என்றேன் அவளிடம். அது உண்மை.

புதன் ராத்திரி பிடித்த மழை வியாழக்கிழமை முழுக்கக் கொட்டியது. நடக்கப் போகவில்லை. கண்ணு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. மழைக்கு ஒடுங்கியிருக்கிறது, கத்தாமல் இருக்கிறதே பெரிய புண்ணியம் என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. வேலியோரம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கொடி முழுக்கப் பழுப்பு. இலைகள் வெந்தது போலச் சுருண்டு தொங்கின. தரையில் இருந்த புல்கூட வைக்கோல் நிறத்தில் கிடந்தது. மழை பெய்து ஊரெல்லாம் பச்சையாக இருக்கும்போது இந்த மனை மட்டும் கருகிக் கிடந்தது. உள்ளே ஓர் ஆள் மண்வெட்டியால் செத்தை வாரிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இந்தக் கொடிக்கு என்ன ஆச்சு?"

"மருந்து அட்ச்சிகீதும்மா. மனைய வாங்க ஆளு வர்றாங்கோ, பொதரா கீதுன்னு ஓனரு அடிக்க சொல்ட்டாரு."

"எப்ப அடிச்சீங்க?"

"செவ்வாகெயம சாயங்காலம். இன்னாத்துக்கு கேக்குற?"

செவ்வாய் சாயங்காலம். நான் ஐந்து பழம் பறித்தது புதன் காலை. என்ன மருந்து என்று கேட்டேன். டப்பாவை ஓனர் எடுத்துப் போய்விட்டார் என்றார். அறுபத்தொரு வயதில் அன்றைக்கு நான் ஓடினேன். செருப்பு வார் அறுந்து, ஒரு செருப்போடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

கண்ணு கூண்டின் மூலையில் பந்து மாதிரி உப்பிக் கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. கீழே விரித்திருந்த பேப்பரில் எச்சம் தண்ணியாகப் பச்சையாக இருந்தது. கையை விட்டேன், கடிக்கவில்லை. கடித்திருந்தால் அழுது கும்பிட்டிருப்பேன். தராசில் வைத்தேன். தொண்ணூற்றெட்டு.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர். தண்டவாளத்திலேயே படுத்துக்கிடந்தாலும் பதற மாட்டார். அவரே முகம் மாறிப்போனார்.

"அந்தப் பொண்ணுகிட்ட மூச்சு விடாத. நாளைக்குக் காலைல ஆபரேஷன். இதயம் சம்பந்தப்பட்டது, அதிர்ச்சில ஏதாவது ஆயிடப் போவுது."

அதுவும் ஒரு பயம். கிளியைக் கொன்றவள், கிளிக்காரியையும் கொன்றவள்.

பறவைகளைப் பார்க்கும் டாக்டர் பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பதாகக் கீழ்வீட்டில் சொன்னார்கள். கூப்பிட்டதில் மூன்று மணிக்குத்தான் வரச் சொன்னார்கள். ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் துண்டை விரித்துக் கண்ணுவை வைத்து, ஆட்டோவில் ஏறினோம். தொடர் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை என்பது பெருங்களத்தூர் வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஊருக்குப் போகும் ஜனம் முழுவதும் ஜிஎஸ்டி ரோட்டில் மூட்டை முடிச்சோடு நின்றது. பஸ், கார், வேன், ஒன்றும் நகரவில்லை. ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் பெட்டிக்குள் ஒரு சின்ன நடுக்கம். பிறகு அந்த நடுக்கமும் நின்றது. நான் பெட்டிக்குள் விரலை விட்டு, மூச்சு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"இன்னாம்மா, பொட்டில இன்னா கீது?" என்றார் ஆட்டோக்காரர்.

"கிளி. உடம்பு சரியில்ல."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் வண்டியை ஓரமாக ஒடித்து, ஒரு சந்துக்குள் விட்டு, எப்படியெப்படியோ தாம்பரம் கொண்டுவந்து சேர்த்தார். அதன் பிறகு வழியெல்லாம் நான் கர்த்தரிடம் பேரம் பேசிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் சின்னப் பெண். கண்ணுவைத் துண்டில் சுற்றிப் பிடித்து, மார்பெலும்பைத் தடவிப் பார்த்தார். "என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார்.

நான் ஒப்பித்தேன். கேரட், பீன்ஸ், பீட்ரூட், பரங்கிக்காய், குடைமிளகாய், முருங்கைக்கீரை, முளைகட்டிய பயறு. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த தாளை அப்படியே ஒப்பித்தேன். கோவைப்பழம் என்ற சொல் வாயிலிருந்து வரவில்லை. வாழ்நாள் முழுக்க "யார் செய்தது, உண்மையைச் சொல்" என்று பிள்ளைகளை நிற்கவைத்துக் கேட்டவள், கேள்வி என் பக்கம் திரும்பியதும் தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"நல்ல டயட்தானே, அப்புறம் ஏன் இப்படி?" என்று டாக்டர் முணுமுணுத்தார். "இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம், ஊசி போட்டுப் பாக்கலாம்" என்று ஊசிக்குள் மருந்தை ஏற்றத் தொடங்கினார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஊசியைப் பார்த்தேன்.

"கோவைப்பழம் குடுத்தேன்" என்று கத்தினேன். நிஜமாகவே கத்தல்தான். "வேலில பறிச்சது. களைக்கொல்லி அடிச்சிருந்தாங்க. எனக்குத் தெரியாது. சரியா கழுவக்கூட இல்ல. ஐஞ்சு பழம். புதன்கிழமை."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். திட்டவில்லை. வேகமாக வேலை பார்த்தார். விஷத்தை உறிஞ்சும் கரித்தூளைக் கரைத்து மெல்லிய குழாய் வழியாக உள்ளே செலுத்தினார். இரண்டு நாள் ஆகிவிட்டதால் இது எவ்வளவு கேட்கும் என்று சொல்ல முடியாது என்றார். களைக்கொல்லியாலா, சரியாகச் சாப்பிடாததாலா, ஏக்கத்தாலா என்று உறுதியாகத் தெரியாது, எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம் என்றார். பிறகு கேட்டார்:

"முன்னாடி லிவர் பிரச்னை ஏதாவது இருந்துச்சா? ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா? அத வச்சுத்தான் அடுத்தது குடுக்கணும்."

எனக்குத் தெரியாது. தம்பிக்குப் போன் போட்டோம், அவனுக்கும் தெரியாது. "அக்காகிட்ட மட்டும் கேட்டுடாதீங்க ஆன்ட்டி, ப்ளீஸ்" என்றான். வீட்டுக்காரரும் வேண்டாம் என்று கையை ஆட்டினார். மேசைமேல் கண்ணு துண்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு நோயாளி, இந்தப் பக்கம் ஒரு நோயாளி. யாரைக் காப்பாற்ற யாரைப் பயமுறுத்துவது? வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, அவளைக் கூப்பிட்டேன். இரண்டு முறை வேறு யாருக்கோ போனது.

சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்திருந்தால் நானே நடுவில் நிறுத்தியிருப்பேன். தாளில் இல்லாததைக் கொடுத்ததை, கழுவாததை, எடை பார்க்காததை, சாப்பிடுகிறது என்று திங்கட்கிழமை சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு மெஷின் பீப் பீப் என்று அடிப்பது மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் வேகமாகிவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தடவ லிவர் வீங்கியிருந்துச்சு டீச்சர்" என்றாள் கடைசியில். குரல் மெலிந்திருந்தாலும் தெளிவாக இருந்தது. எந்த மருந்து கொடுத்தார்கள், எத்தனை சொட்டு, எந்த மருந்தைக் கொடுத்ததும் வாந்தி எடுத்தது, எல்லாம் சொன்னாள். நான் கையிலேயே எழுதிக்கொண்டேன். உள்ளே ஓடிப் போய் டாக்டரிடம் காட்டினேன். அவர் தலையசைத்து, வேறொரு புட்டியை எடுத்தார்.

திரும்பி வந்து போனைக் காதில் வைத்தேன். லைனைக் கட் பண்ணியிருப்பாள் என்று நினைத்தேன். இருந்தாள்.

"அந்தப் பழத்த விரும்பிச் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டாள்.

நான் அழுதுவிட்டேன். "ரொம்ப விரும்பிச் சாப்பிட்டுச்சும்மா."

"டீச்சர், தினமும் ஒண்ணு கேக்கணும்னுதான் போன் போடுவேன். உங்க முகத்தப் பாத்தா கேக்க வராது. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆயிட்டா, கண்ணுவ நீங்களே வச்சுக்குவீங்களா?"

"அதுவே பிழைக்குமான்னு தெரியலம்மா."

"பிழைச்சா."

"என்னையா கேக்கிற? நான் செஞ்ச காரியத்துக்கு அப்புறமுமா?"

"தம்பி வீட்ல விதையக் கொட்டிட்டு வேலையப் பாக்கப் போயிடுவாங்க. நீங்க பயப்படுறீங்க டீச்சர். பயப்படுறவங்கதான் ஒவ்வொண்ணா பாத்து வெட்டிக் குடுப்பாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "யோசிச்சுச் சொல்லுங்க. இது இருபது, இருபத்தஞ்சு வருஷம் இருக்கும்."

"சரி" என்றேன். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை காலை அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது நான் எங்கள் ஹாலில், பெட்டிக்கு மேல் சூட்டுக்காக ஒரு பல்பைத் தொங்கவிட்டு, கூழை ஊசிக்குழாயில் உறிஞ்சி, கண்ணுவின் அலகோரம் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். பாதி வெளியே வழிந்தது. போன் பக்கத்திலேயே இருந்தது. அடித்தால் எடுக்கவும் பயம், அடிக்காமல் இருந்தால் அதைவிடப் பயம். மூன்று மணி வாக்கில் தம்பி கூப்பிட்டான். ஆபரேஷன் முடிந்துவிட்டது, இன்னும் கண் விழிக்கவில்லை என்றான். ஞாயிற்றுக்கிழமை கண் விழித்தாள். கண்ணு திங்கட்கிழமைதான் ஒரு துண்டுப் பப்பாளியைத் தானாக எடுத்தது. எடுத்ததைத் தின்னாமல் கீழே போட்டது. மறுபடி எடுத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தின்றது.

இரண்டு உயிரும் பிழைத்தன. மூன்றாவது வாரம் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து, "கண்ணு" என்று கூப்பிட்டாள். அது போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் மேலே வந்துவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், ஆபீசுக்குப் போகிறாள். காய் நறுக்க மட்டும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எதை எந்த அளவில் என்று கற்றுக்கொடுக்கிறாள். ஏன் கற்றுக்கொடுக்கிறாள் என்று நான் கேட்பதில்லை.

எனக்கு அறுபத்தொன்று. இருபத்தைந்தைக் கூட்டினால் எண்பத்தாறு. அந்த வெள்ளிக்கிழமை வரை பிபி மாத்திரையை வாரத்துக்கு இரண்டு நாள் மறந்துவிடுவேன், வீட்டுக்காரர் கத்துவார். இப்போது மறப்பதில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் எதையும் எடுப்பதில்லை. மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்குகிறேன்.